ஜாவாக்காரர் மலாய்க்காரர் ஆவாரா?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் அலுவலகத்தில் இரண்டு பேர். ஒருவர் மலேசியாவில் ஜொகூர் மாநிலம் பத்து பஹாட்டைச் சேர்ந்தவர், இன்னொருவர் இந்தோனேசியாவின் சுரபாயாக்காரர். இருவர் வீட்டுப் பெரியவர்களும் ஜாவாத் தீவுக்காரர்கள்தான். சாப்பாட்டு நேரத்தில் நாலு வார்த்தை ஜாவா மொழியில் பேசிக்கொள்வதும் உண்டு. ஆனால் ஜொகூர்க்காரர் தன்னை மலாய்க்காரர் என்கிறார். சுரபாயாக்காரரோ, "ஜாவாக்காரன் எப்படி மலாய்க்காரன் ஆவான்?" என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி, மலாய் என்பது இனமா நாட்டை ஒட்டி வருவதா, ஜொகூர்க்காரர் ஆசைப்பட்டால் இந்தோனேசியர் ஆகிவிடலாமா என்பது கேள்வி. இனம் பிறப்போடு வருவது, குடியுரிமை அரசாங்கம் தருவது என்றுதான் நாமெல்லாம் எடுத்துக்கொண்டு பேசுகிறோம். அப்படியிருக்க ஒரே பிறப்பு எல்லைக்கு இந்தப் பக்கம் ஓர் இனமாகவும் அந்தப் பக்கம் வேறோர் இனமாகவும் எப்படி ஆகும் என்பதுதான் அவரை உண்மையில் குடைகிறது. அந்த நண்பருக்கே நேராகச் சொல்கிறேன். சுருக்கமான பதில்: இருவர் சொல்வதும் சரி. ஆளுக்கொரு அரசமைப்புச் சட்டத்தில் நின்று பேசுகிறார்கள்.

நான் ஜொகூரில் வளர்ந்த தமிழன், நில விவகாரங்கள் பார்க்கும் வழக்கறிஞர். மலாய் ஒதுக்கீட்டு நிலம் கைமாறும்போது வாங்குபவர் மலாய்க்காரர்தான் என்பதைக் காகிதத்தில் காட்டியாக வேண்டும். மானுடவியல் வகுப்பில் வர வேண்டிய கேள்வி என் மேசைக்குக் கோப்பில் சேர்க்க வேண்டிய தாளாக வந்துகொண்டே இருந்தது. ஆகவே சட்டம் பற்றிய பகுதியை உறுதியாகச் சொல்வேன். வரலாறும் மொழியும் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவை. அங்கே அறிஞர்களுக்குள்ளேயே சண்டை இருக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சண்டையே இல்லாத விஷயம். ஜாவாக்காரர்களும் மலாய்க்காரர்களும் மொழியால் வேறு வேறு மக்கள். இரண்டு மொழியும் ஆஸ்திரோனேசியக் குடும்பம் என்றாலும் ஒன்று தெரிந்தவருக்கு மற்றது புரியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்பதை மலாயில் சத்து, டுவா, தீகா என்பார்கள். ஜாவாவில் சிஜி, லோரோ, தெலு. ஐந்துக்கு மட்டும் இரண்டிலும் லீமா. ஜாவா மொழிக்குத் தனி எழுத்து இருந்தது, பெரியவரிடம் பேச ஒரு சொற்கோவையும் சம வயதினரிடம் பேச இன்னொன்றும் உண்டு. முன்னதைக் க்ராமா என்றும் பின்னதை ங்கோகோ என்றும் சொல்வார்கள். ஜாவாத் தீவிலேயே நடுப்பகுதியும் கிழக்கும்தான் இவர்களுடைய மண். மேற்கில் இருப்பவர்கள் சுந்தானியர். 2010 கணக்கெடுப்பில் இந்தோனேசிய மக்களில் சுமார் 40 விழுக்காட்டினர் தங்களை ஜாவாக்காரர் என்று பதிந்தார்கள். அதே கணக்கெடுப்பில் மலாய்க்காரர்கள் சின்னஞ்சிறு பங்கு. சுமத்ராவின் ரியாவ், ஜம்பி, டெலி, போர்னியோவின் மேற்குக் களிமந்தான் கரையோரம் என்று இருப்பவர்கள். சுரபாயாக்காரர் மனதில் மலாய்க்காரர் என்றால் கடலுக்கு அப்பால் சுமத்ரா பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஆள். தன்னை அப்படி அழைத்தால் அவருக்குச் சிரிப்பு வருவது நியாயம்.

இப்போது மலேசியாவுக்கு வருவோம். இங்கே மலாய்க்காரர் யார் என்பதை அரசமைப்புச் சட்டமே வரையறுத்து வைத்திருக்கிறது, 160ஆவது பிரிவு. இஸ்லாத்தைப் பின்பற்ற வேண்டும், வழக்கமாக மலாய் பேச வேண்டும், மலாய் வழக்காறுகளை அனுசரிக்க வேண்டும். இவற்றோடு, சுதந்திர நாளான 1957 ஆகஸ்ட் 31க்கு முன் மலாயாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்றோரில் ஒருவராவது அப்படிப் பிறந்திருக்க வேண்டும், அல்லது அந்த நாளில் இங்கே நிலையாகக் குடியிருந்திருக்க வேண்டும். இப்படிப்பட்டவரின் வாரிசும் மலாய்க்காரர்தான். வாசித்துப் பாருங்கள், எந்தத் தீவிலிருந்து வந்த வம்சம் என்ற கேள்வியே அதில் இல்லை. ஜாவாவிலிருந்து வந்தவரா, சுமத்ராவின் மினாங்கபாவ் நாட்டவரா, சுலாவெசியின் பூகிஸா, களிமந்தானின் பஞ்சாரா என்று சட்டம் கேட்பதில்லை. இந்த வரையறை அலங்காரத்துக்கு எழுதி வைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். அரசுப் பணி, கல்வி உதவி, தொழில் உரிமம் ஆகியவற்றில் மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் உள்ள சிறப்பு நிலையைச் சொல்லும் 153ஆவது பிரிவு இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

நிலச் சட்டம் இன்னும் வேடிக்கை. மலாய் ஒதுக்கீட்டு நிலத்துக்கான முதல் சட்டம் 1913இல் வந்தது. 'மலாயன் இனம் எதையேனும் சேர்ந்தவர்', மலாயோ அந்த வகை மொழி வேறெதையோ பேசுபவர், இஸ்லாமியர் என்பது அதன் வரையறை. அந்த 'எதையேனும்' என்ற ஒரு வார்த்தைக்குள் ஜாவாக்காரர் தம் மொழியோடு உள்ளே வந்துவிடுகிறார். பிறகு கெடா, ஜொகூர் போன்ற மற்ற மாநிலங்களும் தமக்கென்று ஒரு சட்டம் எழுதிக்கொண்டன. கெடாவில் அரபு வம்சாவளியினரும் அடக்கம். எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை. ஆக, ஒரு மாநிலத்தில் நிலம் வாங்க மலாய்க்காரராக இருப்பவர் இன்னொரு மாநிலத்தில் அதே காரியத்துக்கு மலாய்க்காரராக இல்லாமல் போகலாம். சட்டக் கல்லூரியில் இதைக் கேட்டுச் சிரித்தோம். தொழிலுக்கு வந்த பிறகு, எந்த மாநிலத்து நிலம் என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

மேற்கு ஜொகூர் கரையோரம் போனால் இந்தச் சட்டச் சொற்களுக்கு உடம்பு கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மூவார், பத்து பஹாட், பொந்தியான் பக்கம் ஜாவாக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். பலர் சிங்கப்பூர் வழியாக வந்தவர்கள். மக்கா யாத்திரைக்குக் கடன் வாங்கிப் போய்த் திரும்பும் வழியில் அந்தக் கடனைத் தோட்டத்தில் உழைத்துத் தீர்த்துவிட்டு இங்கேயே தங்கியவர்களும் அவர்களில் உண்டு. சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி, தண்ணீரைக் கடலுக்கு வடித்து, தென்னையும் பாக்கும் வைத்தார்கள். அந்த வாய்க்காலுக்குப் பாரிட் என்று பெயர். இன்றும் அந்தப் பகுதி ஊர்ப்பெயர்களில் பாதி பாரிட் என்றுதான் தொடங்கும். மூவாரில் பாரிட் ஜாவா என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கல்யாண வீட்டிலோ கெண்டுரி விருந்திலோ பெரிய தட்டில் நாசி அம்பெங் வரும். சோற்றைச் சுற்றிக் கோழி, வறுத்த தேங்காய்ப்பூ, மீகூன் என்ற அரிசி நூடுல்ஸ், தெம்பே என்ற புளித்த சோயாப் பண்டம். நாலைந்து பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள், மிச்சத்தைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். கிழவர்கள் தங்களுக்குள் ஜாவா பேசுவார்கள், பேரப்பிள்ளைகள் மலாயில் பதில் சொல்வார்கள். அந்தக் கிழவர்கள் பேசுவதும் பெரும்பாலும் ங்கோகோதான். மரியாதை மொழியான க்ராமா கடல் தாண்டி வந்ததில் தேய்ந்துவிட்டது. சுரபாயாவிலிருந்து வருபவர் காதுக்கு, கிழவர் தன்னைவிட மூத்தவரிடம் கொச்சையாகப் பேசுவது போல இருக்கும்.

கோப்புகளில் நான் பார்த்த மாற்றமும் இந்த வரிசையில்தான் நடந்தது. தாத்தாவின் காகிதங்களில் 'ஜாவா', பேரனுடைய பிறப்புப் பத்திரத்தில் 'மெலாயு', அதாவது மலாய். நடுவில் யாரும் மனுப் போட்டு இனம் மாற்றவில்லை. காலனியக் கால மக்கள் கணக்கெடுப்புகளில் ஜாவாக்காரர், பஞ்சார், பாவெயான் தீவுக்காரரான போயான், பூகிஸ் என்று தனித்தனி வரிசைகள் இருந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த வரிசைகள் ஒரே மலாய் வரிசைக்குள் கரைந்தன. அதனால்தான் மலேசியாவில் இன்று எத்தனை ஜாவா வம்சாவளியினர் என்று கேட்டால் யாரிடமும் நம்பகமான எண் கிடையாது. இணையத்தில் சுற்றும் எண்கள் எல்லாம் ஊகம். துணைப் பிரதமர் அகமட் சாஹிட் ஹமிடி ஜாவா வம்சாவளியினர். முன்னாள் பிரதமர் முகைதின் யாசினின் தந்தை பூகிஸ், தாய் ஜாவா. இன்னொரு முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் தன் பூகிஸ் வேரை மேடையிலேயே பெருமையாகச் சொன்னவர். 2010இல் "நான் முதலில் மலாய்க்காரன்" என்று சொல்லிப் பெரிய விவாதத்தைக் கிளப்பியவர் அதே முகைதின்தான். அவர் சொன்னதில் முரண் எதுவும் இல்லை. மலேசியாவில் மலாய் என்பது பூகிஸையும் ஜாவாவையும் மூடி நிற்கும் கூரை.

அந்தக் கூரையின் கதவு எங்கே இருக்கிறது என்பது 2007இல் லீனா ஜோய் வழக்கில் தெளிவாகத் தெரிந்தது. ஜாவா வம்சாவளி முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண் அவர். அடையாளக் கார்டில் அச்சிட்டிருக்கும் 'இஸ்லாம்' என்ற சொல்லை நீக்கச் சொல்லி நீதிமன்றம் போனார். அவர் மலாய்க்காரர், 160ஆவது பிரிவின்படி மலாய்க்காரர் இஸ்லாத்திலேயே இருப்பார் என்பது உயர் நீதிமன்றம் 2001இல் சொன்ன காரணங்களில் ஒன்று. வழக்கு மேலே போய், நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் ஷரியா நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும் என்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இதே பெண் ஜாவாவின் யோக்யகார்த்தாவில் பிறந்திருந்தால் மதம் மாறியதும் கார்டில் மதத்தை மாற்றிக்கொண்டு ஜாவாக்காரராகவே இருந்திருப்பார். ஜாவாவில் கத்தோலிக்க ஜாவாக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், புரோமோ எரிமலை அடிவாரத்து தெங்கெர் மக்கள் இந்துக்கள். மதம் அங்கே இனத்தின் நிபந்தனை இல்லை. என்னைக் கேட்டால், இந்த இரண்டு நாடுகளுக்கும் இடையிலான வேறுபாடுகளில் மொழி, உணவு, வம்சம் எல்லாவற்றையும்விடக் கனமானது இதுதான்.

அந்தக் கதவுக்கு ஒரு தேதியும் இருக்கிறது. இன்று கோலாலம்பூரில் கட்டட வேலைக்கு வரும் ஜாவாக்காரர் முஸ்லிம், ஓரிரு மாதத்தில் மலாயும் சரளமாகப் பேசுவார், வழக்காறும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் அவர் மலாய்க்காரர் ஆக முடியாது, 1957 நிபந்தனை தடுக்கும். பத்து பஹாட் ஜாவாக்காரருக்கும் இவருக்கும் நடுவே உள்ள வித்தியாசம் யாருடைய தாத்தா முன்னால் கப்பலேறினார் என்பது மட்டுமே. முன்னால் வந்தவரின் பேரன் பின்னால் வந்தவரை 'இந்தோன்' என்று கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். இங்கே சுருக்கப்பெயராக நினைத்துச் சொல்கிறார்கள். இந்தோனேசியர்களுக்கு அது வசவு. உங்கள் சுரபாயா நண்பர் முன்னால் அந்தச் சொல்லைத் தவிர்த்துவிடுங்கள்.

இந்தோனேசியக் கணக்கு வேறு மாதிரி. 1928 அக்டோபர் 28 அன்று பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கூடிய இளைஞர்கள் ஒரே தாய்நாடு, ஒரே பங்சா, இந்தோனேசியம் என்ற ஒற்றுமை மொழி என்று உறுதிமொழி எடுத்தார்கள். அந்த மொழிக்கு அடிப்படை, துறைமுகங்களில் எல்லோரும் பேசிப் பழகியிருந்த மலாய். எண்ணிக்கையில் பெரியவர்கள் ஜாவாக்காரர்கள். ஆனால் அவர்கள் மொழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. பேசும்போதே எதிரில் இருப்பவர் உயர்ந்தவரா தாழ்ந்தவரா என்று முடிவு செய்தாக வேண்டிய மொழியை வைத்துக்கொண்டு சமத்துவக் குடியரசு நடத்துவது கஷ்டம் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அங்கே பங்சா என்றால் தேசம், ஒன்றுதான். அதற்குக் கீழே ஜாவா, சுந்தா, பத்தாக், மலாய் எல்லாம் சுக்கு, அதாவது இனக்குழுக்கள், ஒன்றுக்கொன்று உடன்பிறப்பு மாதிரி. மலேசியாவில் அதே பங்சாவை மலாய் இனத்துக்கே சொல்கிறார்கள். இரண்டு நண்பர்களும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு மாடிகளைப் பற்றிப் பேசினால் சண்டை தீராது.

இந்தோனேசிய அடையாள அட்டையை வாங்கிப் பாருங்கள். மதம் இருக்கும், திருமண நிலை இருக்கும், தொழில் இருக்கும், குடியுரிமை என்ற இடத்தில் WNI, அதாவது இந்தோனேசியக் குடிமகன், என்று இருக்கும். இனம் என்ற கட்டமே இருக்காது. அதிபர் சுகார்த்தோ காலத்தில் இனம், மதம், குலக்குழு பற்றிப் பேசுவதே ஆபத்து என்று வைத்திருந்தார்கள். 1930க்குப் பிறகு மக்கள் கணக்கெடுப்பில் இனக்குழுவைக் கேட்டது 2000இல்தான். ஆனால் இதை வைத்து இந்தோனேசியத் தேசியம் முற்றிலும் இனம் பார்க்காதது என்று சொல்லிவிட முடியாது. 1945 அரசமைப்புச் சட்டம் அதிபர் 'அஸ்லி' இந்தோனேசியராக, அதாவது மண்ணின் மைந்தராக, இருக்க வேண்டும் என்றது. சீன வம்சாவளியினரைத்தான் அது வெளியே நிறுத்தியது. 2001 திருத்தத்தில் அது பிறப்பிலிருந்தே குடிமகனாக இருப்பவர் என்று மாறியது. 2006 குடியுரிமைச் சட்டமும் 'அஸ்லி' என்பதற்கு இதே பொருளைக் கொடுத்தது.

இந்த இரண்டு கணக்கும் பிரிந்த இடம் 1824. அந்த ஆண்டு ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் லண்டனில் கையெழுத்திட்ட உடன்படிக்கை மலாக்கா நீரிணை நடுவே கோடு போட்டு, ஜொகூர்-ரியாவ் சுல்தானகத்தை இரண்டாகப் பிளந்தது. கோடு போட்டபோது அங்கே இந்தோனேசியர் என்று யாரும் இல்லை, மலேசியர் என்றும் இல்லை. இனம் பழையது, நாடு புதியது என்று நினைப்பதுதான் உங்கள் கேள்வியில் உள்ள முடிச்சு. ஜாவாக்காரரையும் உள்ளே வைக்கும் மலாய் இனம் என்ற சட்டவகை இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. இந்தோனேசியர் என்ற தேசமும் அதே வயது. இரண்டும் ஒரே காலத்தில் ஒரே மக்கள்திரளிலிருந்து வார்க்கப்பட்டவை.

வேறு மாதிரியும் வார்த்திருக்கலாம். மலாய்க்காரரான இப்ராஹிம் யாக்கோப் போன்றோர் மலாயாவையும் இந்தோனேசியாவையும் ஒரே நாடாக்கக் கனவு கண்டு, 1945 ஆகஸ்ட்டில் மலாயாவின் தைப்பிங்கில் இந்தோனேசியத் தலைவர் சுகார்னோவைச் சந்தித்தார்கள். சில நாட்களில் ஜப்பான் சரணடைந்தது, கனவும் போயிற்று. அதைவிட எனக்குப் பிடித்த முயற்சி 1947இல் நடந்தது. மலாய் இடதுசாரிக் கட்சிகளின் கூட்டணியான புத்தேராவும், சீன, இந்திய அமைப்புகள் இருந்த இன்னொரு கூட்டணியும் சேர்ந்து மக்கள் அரசமைப்பு என்று ஒன்றை எழுதின. மலாயா இந்தியர் காங்கிரஸான ம.இ.கா.வும் அப்போது அந்த இன்னொரு கூட்டணியில் இருந்தது. இந்த நாட்டுக் குடிமக்கள் எல்லோருடைய தேசியப் பெயரும் 'மெலாயு', சீனரானாலும் தமிழரானாலும் சரி என்றது அந்தத் திட்டம். மதத்தோடு அந்தப் பெயருக்குத் தொடர்பில்லை என்றும் சொன்னது. அக்டோபர் 20 அன்று நாடு தழுவிய ஹர்த்தாலும் நடந்தது. ஆங்கிலேயர் கண்டுகொள்ளவில்லை, மலாய்க் கட்சியான அம்னோவோடு பேசி எழுதிய 1948 உடன்படிக்கையே நிலைத்தது. அந்தத் திட்டம் ஏற்கப்பட்டிருந்தால் இன்று என் அடையாளக் கார்டிலும் மெலாயு என்றுதான் இருக்கும், உங்கள் கேள்வியும் எழுந்திருக்காது.

நீங்கள் இருக்கும் சிங்கப்பூர் மூன்றாவது வழி. அங்கே அடையாள அட்டையில் இனம் உண்டு, சிலருக்கு ஜாவானீஸ் என்றோ போயானீஸ் என்றோ இருக்கும். ஆனால் கணக்கெடுப்பில் அவர்கள் எல்லோரும் மலாய் என்ற கட்டத்துக்குள். அதிபர் தேர்தலுக்கான சட்டத்தில் மலாய் சமூகத்தவர் என்பவர், மலாய் இனத்தவரோ இல்லையோ, தன்னை அந்தச் சமூகத்தவராகக் கருதுபவர், அந்தச் சமூகமும் அவரைப் பொதுவாக ஏற்றுக்கொண்டவர். 2017இல் மலாய் சமூகத்துக்கென்று ஒதுக்கப்பட்ட தேர்தலில் அதிபரான ஹலிமா யாக்கோபின் தந்தை இந்திய முஸ்லிம். அப்போது காபிக்கடைகளில் இதைப் பற்றி நிறையப் பேச்சு அடிபட்டது. சட்டப்படி எந்தக் குறையும் இல்லை.

இது நமக்கும் சம்பந்தமில்லாத கதை அல்ல. பினாங்கிலும் மலாக்காவிலும் தமிழ் முஸ்லிம்கள் இரண்டு மூன்று தலைமுறையில் மலாய்க்காரர் ஆனது சாதாரணமாக நடந்தது. நவீன மலாய் உரைநடையின் தந்தை என்று பள்ளிக்கூடங்களில் சொல்லித்தரும் முன்ஷி அப்துல்லா 1796இல் மலாக்காவில் பிறந்தவர். ஏமனிலிருந்து நாகூர் வந்து தமிழ்ப் பெண்ணை மணந்த அரபியர் ஒருவரின் வழி வந்தவர், தமிழும் அறிந்தவர். மலாய்த் திரையின் முகமான பி. ராம்லியின் தந்தை சுமத்ராவின் அச்சேக்காரர். இவர்களை எடுத்துவிட்டால் மலாய்ப் பண்பாடு என்று நாம் இன்று காட்டுவதில் பாதி காணாமல் போகும்.

இனி உறுதியில்லாத பகுதி. மலாயு என்பது முதலில் ஓர் இடத்தின் பெயர் என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி யி ஜிங் அதைக் குறிப்பிடுகிறார். முதலாம் ராஜேந்திரனின் 1025 படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் ஸ்ரீவிஜயம், பண்ணை, கடாரம் இவற்றோடு 'மலையூர்' வருகிறது. சுமத்ராவின் ஜம்பிப் பக்கம் இருந்த மலாயு அது என்று அடையாளம் காண்கிறார்கள். அந்த ஊர்ப்பெயர் எப்போது மக்களின் பெயரானது, மலாக்கா சுல்தானகத்தின் காலத்திலா, அதன் வீழ்ச்சிக்குப் பிறகா, அரசவையைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் வழங்கியதா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எல்லோரையும் 'மலாய் இனம்' என்ற ஒரே மூட்டையில் கட்டியது பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியர். ஜெர்மானியரான புளூமன்பாக் மனித இனங்களை ஐந்தாகப் பிரித்து ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்தார். பிலிப்பைன்ஸில் அந்நாட்டுத் தேசிய நாயகர் ஹோசே ரிசாலை மலாய் இனத்தின் பெருமை என்று இன்றும் சொல்வது அதன் எச்சம்தான். அந்தப் பொருளில் எடுத்தால் உங்கள் சுரபாயா நண்பரும் மலாய்தான். ஆனால் அந்தப் பொருளுக்கு இன்று அறிவியலிலும் இடமில்லை, எந்த அரசு அலுவலகத்திலும் இடமில்லை.

பெயரை யார் சூட்டினார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம் என்பதற்கு இலங்கையைவிட நல்ல சாட்சி கிடையாது. டச்சுக்காரர்கள் அங்கே கொண்டுவந்த சிப்பாய்களும் நாடுகடத்தப்பட்டவர்களும் ஜாவா, மதுரா, அம்போன் என்று பல தீவினர். 1708இல் ஜாவாவின் மாதராம் அரசர் மூன்றாம் அமங்குராட்டையே அங்கே அனுப்பினார்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது மலாய் மொழி, ஆகவே ஆங்கிலேயர் கணக்கில் மலாய். ஆனால் தமிழில் 'ஜாவா மனுசர்', சிங்களத்திலும் 'ஜா'. இன்று அவர்கள் பேசும் மலாயின் வாக்கிய அமைப்பு நம் தமிழ் போல வினையைக் கடைசியில் வைக்கும். தென்னாப்பிரிக்காவின் கேப் மலாய் மக்களின் மூத்தவராகப் போற்றப்படும் ஷேக் யூசுப், 1684இல் இலங்கைக்கும் 1694இல் கேப்புக்கும் நாடுகடத்தப்பட்டவர், சுலாவெசித் தீவின் மக்காசார்க்காரர். அவரும் மலாய் இல்லை.

இதற்கு நேர் எதிர் தென்னமெரிக்காவின் சுரினாம். 1890 முதல் 1939 வரை சுமார் 33,000 ஜாவாக்காரர்களை டச்சுக்காரர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோனார்கள். பக்கத்தில் இந்தியக் கூலிகள், ஆப்பிரிக்க வம்சாவளியினர், டச்சு முதலாளிகள். சேர்ந்து கரைய மலாய் என்ற பெரிய கூரை அங்கே இல்லாததால் இன்றுவரை அவர்கள் ஜாவாக்காரர்களே, சுரினாம் குடியுரிமையோடு. இந்தோனேசியா சுதந்திரம் அடைந்த பிறகு ஆயிரம் பேர் போல 1954இல் கப்பலேறித் தாய்நாடு திரும்பினார்கள். இந்தோனேசிய அரசு அவர்களைக் குடியேற்றியது ஜாவாவில் இல்லை, மேற்கு சுமத்ராவில் தொங்கார் என்ற இடத்தில், மினாங்கபாவ் மக்களுக்கு நடுவே. குடியுரிமை கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை.

இனமும் நாடும் ஒன்றில்லை என்பதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2007இல் நடந்த ரெயோக் தகராறைப் பார்க்கலாம். மயில்தோகை வைத்த பெரிய சிங்க முகமூடியைப் பல்லால் கடித்துத் தாங்கி ஆடும் கூத்து அது. கிழக்கு ஜாவாவின் பொனொரோகோதான் பிறப்பிடம். மலேசிய அரசின் இணையதளத்தில் அதே மாதிரி ஆட்டம் பாரோங்கான் என்ற பெயரில் வந்ததும், எங்கள் கலையைத் திருடுகிறார்கள் என்று ஜகார்த்தாவில் மலேசியத் தூதரகத்தின் முன் ஆர்ப்பாட்டம். ஜொகூர் கிராமங்களில் அதை ஆடுபவர்கள் திருடவில்லை, தாத்தாவிடம் கற்றார்கள். ஆனால் நாட்டின் சின்னமாக அதைக் காட்டும்போது எங்கிருந்து வந்தது என்று சொல்லாதது தவறு என்பது என் கட்சி. 2024இல் கெபாயா உடையை மலேசியா, இந்தோனேசியா உட்பட ஐந்து நாடுகள் சேர்ந்தே யுனெஸ்கோவில் பதிந்தன. அது புத்திசாலித்தனம்.

கடைசியாகக் குடியுரிமை. பத்து பஹாட் நண்பருக்கு ஜாவாவில் எத்தனை சொந்தக்காரர்கள் இருந்தாலும் இந்தோனேசியச் சட்டத்தில் அதனால் தனிச் சலுகை எதுவும் இல்லை. 2006 சட்டப்படி மற்ற வெளிநாட்டினர் போலவே தொடர்ந்து ஐந்து ஆண்டு, அல்லது விட்டுவிட்டுப் பத்து ஆண்டு அங்கே வசித்திருக்க வேண்டும், இந்தோனேசிய மொழி பேச வேண்டும், அந்நாட்டு அரசின் ஐந்து அடிப்படைக் கொள்கைகளான பஞ்சசீலத்தை ஏற்க வேண்டும், வேறு குடியுரிமை கையில் இருக்கக் கூடாது. மலேசியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 24ஆவது பிரிவில் குடியுரிமையைப் பறிக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. சுரபாயா நண்பர் மலேசியர் ஆவது, விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து ஆண்டு இங்கே வசித்திருந்தால் காகிதத்தில் முடியும், நடைமுறையில் நீண்ட காத்திருப்பு. அப்படி ஆனாலும் 1957 நிபந்தனையால் அவர் மலாய்க்காரர் ஆக மாட்டார், மலேசிய ஜாவாக்காரராகவே இருப்பார். ஒருவேளை பத்து பஹாட்காரரின் தங்கையை அவர் கட்டிக்கொண்டு இங்கே குடும்பம் நடத்தினால், அந்தத் தாயின் வாரிசு என்ற வகையில் பிள்ளை சட்டப்படி மலாய்க்காரர் ஆகலாம். பெற்றோர் ஜாதகத்தைவிட பிறப்புப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும்.